காற்றுப் படாமல், பசி வராமல்

அந்த வீட்டில் டி.வி. ரிமோட் காணாமல் போனால் தேடமாட்டார்கள், விசாரணை நடக்கும். "கடைசியா யார் கையில இருந்துச்சு? நீ யார்கிட்டேர்ந்து வாங்கினே? அப்புறம் யார்கிட்ட குடுத்தே? குடுக்கறப்ப பக்கத்துல யார் இருந்தா?" என்று அவர் ஆரம்பித்தால், கல்லூரியில் படிக்கும் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கனம் நீதிபதி அவர்களே, அது சோபாவுக்கு அடியில கிடக்கு" என்பாள். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்: "இந்த மனுஷன் ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு வர்றதில்ல. ஆபீஸையே தூக்கிட்டு வர்றாரு."

காவல் நிலையத்தில் அவருக்குப் பெயர் பூட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒரு திருடனைத் துரத்திப் போய்ப் படிக்கட்டில் விழுந்து முதுகு போன பிறகு, இனி ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சரி, உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை என்று சான்றுப்பொருள் அறையை அவர் தலையில் கட்டினார்கள். வழக்குகளில் கைப்பற்றிய பொருட்கள் நீதிமன்றத்துக்குப் போகும்வரை காத்துக் கிடக்கிற இடம் அது. மற்றவர்கள் சாமான் ரூம் என்பார்கள். அதைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், நாலடி போவார், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொன்னவர்கள் அந்த அறைக்குள் ஒருநாள்கூட உட்கார்ந்திருக்கமாட்டார்கள். உள்ளே காகித உறையில் கத்தி, காகித உறையில் சட்டை, ஒற்றைச் செருப்பு, உடைந்த ஹெல்மெட், யாரோ ஒரு பெண்ணின் கண்ணாடி வளையல் துண்டுகள். ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். நிழலில் காயவைத்துக் காகிதத்தில்தான் கட்டவேண்டும். ஒரு பொருள் உள்ளே வந்தால் யார் தந்தது, யார் வாங்கியது. வெளியே போனால் யார் எடுத்தது, எதற்கு, எப்போது திரும்பியது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டையில் விரலை விட்டு ஆட்டுவார். பூட்டுக்கு வருகிற கெட்ட கனவில் பேயும் இல்லை பாம்பும் இல்லை. சாட்சிக் கூண்டில் நிற்கிறார், வக்கீல் ஒரு கேள்வி கேட்கிறார், அவரிடம் பதில் இல்லை. வேர்த்துப்போய் எழுந்துவிடுவார்.

கத்தியும் சட்டையும் அவருக்குப் பழகிவிட்டன. பயமெல்லாம் அறையின் கோடியில் இருந்த புது அலமாரியிடம்தான். கேமரா பதிவுப் பெட்டிகள், மடிக்கணினிகள், போன்கள். கத்தி, வைத்தால் வைத்த இடத்தில் கத்தியாகவே கிடக்கும். போன் அப்படியில்லை. சும்மா கிடப்பதுபோலத் தெரியும். உள்ளே என்னவெல்லாம் மாறிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது?

அந்த அலமாரிக்குத்தான் கிடங்கு முதலாளியின் போன் வந்து சேர்ந்தது.

மரச்சாமான் கிடங்கு ஒன்று தீப்பிடித்து எரிந்த வழக்கு. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவலாளிக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. வேலையை விட்டு நிறுத்திய தச்சுப் பையன் ஆத்திரத்தில் கொளுத்திவிட்டான் என்றார் முதலாளி. பையன் அந்தப் பக்கம் போனதைத் தெருமுனைக் கேமரா பார்த்திருந்தது. "போனேன், இல்லேங்கல. உன் உளி, சுத்தியலையெல்லாம் வந்து எடுத்துட்டுப் போன்னு முதலாளிதான் மெசேஜ் அனுப்பினாரு. நான் போறப்பவே எரிஞ்சிட்டிருந்துச்சு. அந்தப் பெரியவர இழுத்து வெளியில போட்டதே நான்தான். அப்பதான் என் போன் நெருப்புல விழுந்துச்சு" என்றான் அவன். காவலாளிக்கு எதுவும் நினைவில்லை. செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று சாதித்தார் முதலாளி. ஆனால் தன் போனைத் திறக்கும் எண்ணை மட்டும் தரமாட்டேன் என்றார். பையன் சிறையில் இருந்தான், முதலாளி வீட்டில் இருந்தார். அந்த ஒரு செய்தி உண்டா இல்லையா என்பது, கைப்பற்றும்போது உயிரோடு இருந்த அந்தப் போனுக்குள் கிடந்தது.

பையனின் அம்மா தையல்காரி. சாமான் ரூமுக்கு எதிரில் நடைவழியில் ஒரு மரப் பெஞ்சு உண்டு. தினமும் வந்து அதில் உட்கார்ந்துவிடுவார். சும்மா உட்காரத் தெரியாதவர். மடியில் யாருடைய சட்டையாவது இருக்கும், ஓரம் மடித்துக் கையால் தைத்துக்கொண்டிருப்பார். நூல் தீர்ந்துவிட்டால் ஊசியைப் பிடித்தபடி போகிறவர் வருகிறவரைப் பார்ப்பார்.

"கொஞ்சம் கோத்துக் குடுங்க சார். கண்ணு மங்கிடுச்சு. பையன்தான் கோத்துக் குடுப்பான்."

வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது பூட்டுக்கு விதி. ஊசியைப் பற்றி விதி எதுவும் இல்லை. கோத்துக் கொடுப்பார்.

போனைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஆய்வகத்துப் பெண். பூட்டிய போன்களைத் திறப்பது அவர் வேலை என்பதால் எல்லோரும் போன் டாக்டர் என்பார்கள்.

"அண்ணே, இத ஐ.சி.யூ. பேஷன்ட்டா நினைச்சுக்குங்க. ரெண்டே விஷயம். காத்துப் படக் கூடாது, பசி வரக் கூடாது."

"காத்துன்னா?"

"சிக்னல். அந்தாளு வெளியிலதான் இருக்காரு. வீட்டுல உக்காந்துகிட்டே 'எல்லாத்தையும் அழிச்சிடு'ன்னு கட்டளை அனுப்பலாம். இதுக்கு சிக்னல் கிடைச்ச நிமிஷம் உள்ள சுத்தமா துடைச்சுப் போயிடும். அதனாலதான் இந்தப் பை. உள்பக்கம் பூரா உலோக வலை. வாய மூடிட்டா எதுவும் உள்ள போகாது."

"பசின்னா சார்ஜ்."

"ஆமா. ஒரு தடவை செத்துப் பொழைச்சுதுன்னா அப்புறம் என் கருவிக்கும் அது வாயத் திறக்காது. உள்ளயே ஒரு பவர் பேங்க் போட்டிருக்கேன். என் கருவி ரிப்பேருக்குப் போயிருக்கு. இது தீரறதுக்குள்ள வந்துடும்."

கருவி வரவில்லை. பையில் சின்னதாய் ஒரு வலைச் சன்னல் இருந்தது. அதன் வழியே பவர் பேங்கின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு புள்ளிதான் மிச்சம் என்ற அன்று காலை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "ஆபீஸ்ல ஒரு சாமானுக்கு சார்ஜ் தீரப்போகுது" என்று மட்டும் சொன்னார்.

"என் பவர் பேங்க எடுத்துட்டுப் போங்கப்பா. ஃபுல்லா இருக்கு" என்று மகள் அவர் பைக்குள்ளேயே போட்டாள்.

எடுத்து மேசைமேல் வைத்தார். "வீட்டுச் சாமான் கேஸ் சாமானோட கலக்கக் கூடாது."

"கலந்தா என்ன, சம்பந்தமா பண்ணப் போறீங்க?"

அவர் சிரிக்கவில்லை.

நிலையத்துக்கு வந்ததும் போன் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வெளியூர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய போன் அணைந்திருந்தது. அடுத்து நிலையத்து இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் போன் போட்டார். "நான் கூட்டத்துக்கு நடுவுல நிக்கிறேன், ஒண்ணுமே கேக்கல. நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று வைத்துவிட்டார். பார்த்துச் செய்யுங்க. உலகத்திலேயே பூட்டுக்குப் பிடிக்காத வார்த்தை அதுதான்.

பார்த்துத்தான் செய்தார். அந்தக் கட்டடத்தில் துப்பாக்கி அறைக்கு மட்டும் நாலு பக்கமும் இரும்புச் சுவர், இரும்புக் கதவு. உள்ளே போனால் யாருக்கும் சிக்னல் வராது. எல்லோரும் திட்டுகிற விஷயம். அதன் சாவி கர்னலிடம் இருந்தது. கர்னல் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை, மீசையை வைத்து வந்த பட்டம். இருவரும் தங்கள் போன்களை வெளியே வைத்துவிட்டுப் பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பூட்டு கையுறை போட்டுப் பையைத் திறந்தார். நீளமான சார்ஜர் கம்பியின் ஒரு முனையைப் பவர் பேங்கில் செருகினார். கம்பி வெளியே வரும்படி விட்டு, பையின் வாயை மூன்று மடிப்பு மடித்து, நாடாவை இறுக்கி ஒட்டி, கையெழுத்துப் போட்டார். சாட்சியாகக் கர்னலும் போட்டார்.

"யோவ், பிரசவம் பார்த்த மாதிரி வேர்க்குதுய்யா உனக்கு" என்றார் கர்னல்.

சாமான் ரூமுக்குத் திரும்பி, கம்பியின் மறுமுனையை அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் செருகினார். ஒரு புள்ளி இரண்டானது, இரண்டு மூன்றானது. மாலையில் அறையைப் பூட்டி ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு மனைவியே கேட்டாள், "என்ன, இன்னிக்கு முகத்துல ஒரு களை?"

மறுநாள் முற்பகல் அவர் ஒரு காகித உறைக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். அறை அமைதியாக இருந்தது. பின்னால் எங்கோ ஒரு வண்டு மரத்தைக் குடைவதுபோல ஒரு சத்தம். தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய போன் வழக்கம்போல வாசல் தட்டில் கிடந்தது. சத்தம் நின்றது. மறுபடி கேட்டது. அலமாரி பலகை நடுங்குகிற சத்தம்.

பைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. வலைச் சன்னலில் வெளிச்சம்.

யாரோ கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவது உள்ளே கேட்கிறது என்றால் காற்றுப் படுகிறது.

சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கினார். அதிர்வு நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் மறுபடி தொடங்கியது. மடிப்பில் எங்கே ஓட்டை என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார், இல்லை. அந்தக் கட்டளை இதோ வருகிறதோ, வந்துவிட்டதோ, உள்ளே ஒவ்வொன்றாய் அழிந்துகொண்டிருக்கிறதோ. வேறொரு வழக்கில் கைப்பற்றிய பெரிய அலுமினியப் பாத்திரம் எதிர்த் தட்டில் இருந்தது. மூடியோடு. ஒரு நொடி கை அதற்குப் போயிற்று. அது இன்னொருத்தர் வழக்கு. கையை இழுத்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்து, அறையைப் பூட்டி, நடைவழியில் ஓடினார். ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்த முதுகு.

"என்ன சார் ஆச்சு? ஏன் ஓடுறீங்க?" தையல்காரம்மா ஊசியோடு எழுந்துவிட்டார். பூட்டின் கையிலிருந்து தொங்கிய கம்பி அந்தம்மாவின் சேலையில் உரசிப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

துப்பாக்கி அறை பூட்டியிருந்தது. கர்னல் டீ குடிக்கப் போயிருந்தார். காவலுக்கு நின்றவள் அவரைத் தேடிப் போனாள். பூட்டு கதவோடு ஒட்டி நின்றுகொண்டு, தொங்கிய கம்பியைச் சுருட்டி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். நெஞ்சுக்கு எதிரில் அது மறுபடி ஒரு தரம் துடித்தது. வாழ்க்கையில் இந்த அளவுக்கு ஒரு மீசைக்காக அவர் காத்திருந்ததில்லை.

"என்னய்யா, மறுபடி வலி எடுத்துடுச்சா?" என்று வந்த கர்னல் அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்தார். இரும்புக் கதவு சாத்தியதும் அதிர்வு பாதியில் அறுந்தது. பூட்டு பையைத் திறந்தார். பவர் பேங்கில் எல்லாப் புள்ளிகளும் எரிந்தன. கம்பியை உருவினார். மடித்தார். ஒட்டினார். பையை அங்கேயே துப்பாக்கிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

"நின்னுடுச்சுல்ல? விடு. நமக்கு ரெண்டு பேருக்கும்தான் தெரியும்" என்றார் கர்னல்.

"போனுக்கும் தெரியும்ல."

போன் டாக்டர் சாயங்காலம் கிடைத்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"கம்பிய வெளிய விட்டீங்களா?"

"வாய நல்லா மடிச்சுத்தான்..."

"வாய் இல்ல அண்ணே. கம்பிதான் வழி. பழைய டி.வி.க்கு ஏரியல் வைப்பாங்கல்ல, அந்த மாதிரி வச்சிருக்கீங்க. உள்ள இருந்தத கழட்டிட்டு வேற பவர் பேங்க் போட்டிருந்தா போதுமே."

மகளின் பவர் பேங்க் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது அவர் கண்ணுக்குள் வந்தது.

"அழிஞ்சிருக்குமா?"

"திறந்தாத்தான் தெரியும். இப்பவே உக்காந்து எழுதுங்க. எப்ப செருகுனீங்க, எப்ப அடிச்சுது, யார் இருந்தா. ஒண்ணையும் விடாதீங்க. சாமர்த்தியமா எழுதாதீங்க, நடந்தத எழுதுங்க."

எழுதினார். தன் கையால், தன்னைப் பற்றி. மற்றவர்களிடம் அவர் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விகள்தான்; பதில் எல்லாவற்றிலும் நான் என்று வந்தது. எழுதியதை இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கொடுத்தபோது அவர் படித்துவிட்டு, "என்னையும் இதுல போட்டிருக்கீங்க" என்றார். "பார்த்துச் செய்யச் சொன்னேன்னு."

"சொன்னீங்கல்ல மேடம்."

அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கருவி வரும்வரையிலான நாட்கள் அவருக்கு ஒரே நாளாக நீண்டன. இரும்பு அறைக்குள் அந்தப் பையைப் போய்ப் பார்ப்பார். சன்னலில் போன் எப்போதும்போலத் தெரியும். உள்ளே எல்லாம் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும், ஒன்றுமில்லாமல் போயிருந்தாலும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றும். சாமான் ரூமுக்குப் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார். பெஞ்சில் அந்தம்மா இருந்தார். பூட்டு இல்லாததால் வேறு யாரோ ஊசி கோத்துக் கொடுத்தார்கள். ஒருநாள் யாரும் கொடுக்கவில்லை போலிருக்கிறது, சட்டையை மடித்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கில் அதைப் பார்த்துவிட்டு அவரால் ஒரு உறையைக்கூட ஒட்டமுடியவில்லை.

வீட்டில் ரிமோட் காணாமல் போனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகள் தானாகவே வந்து, "அப்பா, விசாரணை இல்லையா?" என்றாள். பிறகு மெதுவாக, "என்ன ஆச்சுப்பா?" என்றாள். வழக்கைச் சொல்லாமல், கம்பியை மட்டும் சொன்னார். அவள் பவர் பேங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

ஒருவழியாகக் கருவி வந்தது. ஆய்வகத்தில் பையைத் தன் கையாலேயே ஒப்படைத்துவிட்டு, போன் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றார். திரையில் ஒரு கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"உயிரோடதான் இருக்கு" என்றார் போன் டாக்டர். "அழிக்கிற கட்டளை எதுவும் வரல. அதுக்குள்ள போன் செத்திருக்கும்னு அந்தாளு விட்டுட்டாரோ என்னமோ."

"அப்ப அன்னிக்குக் கூப்பிட்டது யாரு?"

அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "லோன் வேணுமான்னு கேக்கற கம்பெனி. விடாம அடிச்சிருக்கான்."

செய்தியும் இருந்தது. முதலாளி அனுப்பியது. உன் சாமானையெல்லாம் இன்னைக்கே வந்து எடுத்துக்கொண்டு போ, பின்பக்கமாக வா.

பூட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் போன் டாக்டர் சிரிப்பை நிறுத்தி, இன்னொரு வரியைக் காட்டினார். போலீஸ் கையில் இருந்தபோது அந்தப் போன் வெளி உலகத்தோடு தொடர்பில் இருந்த நேரம் அதில் பதிவாகியிருந்தது. "இத வக்கீல் விடமாட்டாரு அண்ணே. உங்களக் கூப்பிடுவாங்க."

கூப்பிட்டார்கள். கனவில் பார்த்த கூண்டு நிஜத்தில் சின்னதாக இருந்தது, கைப்பிடிக் கட்டையில் வார்னிஷ் உரிந்திருந்தது. அந்தப் போனைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று வந்திருந்த முதலாளியின் வக்கீல் குரலை உயர்த்தவேயில்லை.

"போன் உங்க பொறுப்புலதான் இருந்துச்சா?"

"ஆமா சார்."

"வெளியிலேர்ந்து எதுவும் உள்ள போகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும் சார்."

"ஆனா போற மாதிரி வழி பண்ணிக் குடுத்தது யாரு?"

"நான்தான் சார். கம்பிய விட்டேன். அது வழியா சிக்னல் போகும்னு எனக்குத் தெரியாது."

"அப்படின்னா அந்தச் செய்தியே அப்ப உள்ள வந்திருக்கலாம் இல்லையா?"

"அதச் சொல்ற படிப்பு எனக்கு இல்ல சார். நான் எப்ப செருகினேன், எப்ப கழட்டினேன்னுதான் என்னால சொல்ல முடியும்."

நீதிபதி அவர் எழுதிக் கொடுத்ததையும் போனில் பதிவாகியிருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மதியத்துக்குப் பிறகு முடிவு சொல்வதாக எழுந்து போனார்.

வெளியே நடைவழியில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே நடந்ததை அவரும் கேட்டிருந்தார். அன்றைக்கு ஓடியது எதற்கு என்று இப்போது அவருக்குத் தெரியும். பூட்டு ஒதுங்கிப் போகப் பார்த்தார். வழி ஒன்றுதான் இருந்தது.

"என் பையனுக்குக் கெடுதல் பண்ணிட்டீங்களா சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. தைக்கிற சட்டைக்கு அளவு கேட்பதுபோலக் கேட்டார். அதுதான் தாங்கமுடியவில்லை.

"தெரியலம்மா."

அந்தம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு மடியில் இருந்த துணியை இழுத்துக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டார். அவர் உட்கார்ந்தார்.

மறுபடி கூடியதும் நீதிபதி சுருக்கமாகவே சொன்னார். போன் தொடர்பில் இருந்த நேரமும், சான்றுப்பொருள் காப்பாளர் உடனே எழுதிக் கொடுத்த நேரமும் ஒத்துப்போகின்றன. அந்தச் செய்தியோ அதற்கு வெகு முன்பு, கிடங்கு எரிந்த நாளிலேயே அனுப்பப்பட்டது. போனைச் சான்றாக ஏற்கிறேன். பையனுக்கு ஜாமீன். சான்றுப்பொருள் அறையின் கவனக்குறைவை நீதிமன்றம் கண்டிக்கிறது, துறை விளக்கம் கேட்கட்டும்.

நடைவழிக்கு வந்ததும் தையல்காரம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய பெரிய வார்த்தையா சொன்னாரு. நல்லதா சார், கெட்டதா?"

"போன் உள்ள வந்துடுச்சும்மா. பையன் வெளிய வந்துடுவான். கேஸு இன்னும் நடக்கும். திட்டு எனக்குத்தான்."

அந்தம்மா அப்படியே பெஞ்சில் சாய்ந்தார். அழப்போகிறார் என்று பூட்டு நினைத்தார். அவரோ மடியில் தேடி ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினார். என்ன செய்வதென்று தெரியாத கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது போலும்.

பூட்டு வாங்கி, நூல் நுனியை நாக்கில் நனைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நூல் ஊசியின் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, காதுக்குள் மட்டும் போகவில்லை. மறுபடி நனைத்தார்.

"விடுங்க சார்" என்று அந்தம்மா ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பையன் வந்து கோத்துக் குடுப்பான்."